காலி லாரியின் எடை

குனிந்தே இருந்ததில் புரோகிராமருக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

ஜல்லி யார்டில் எடைமேடை ஒன்றுதான். மேற்கே ஒரு கவுண்டர், கிழக்கே ஒரு கவுண்டர். லாரி காலியாக ஏறும்போது அந்த எடையைக் கம்ப்யூட்டர் நினைவில் வைத்துக்கொள்ளும். சுமையோடு திரும்பி வந்ததும் அதைக் கழித்து ஜல்லியின் எடையைச் சொல்லும்.

மேற்குக் கவுண்டரில் கணக்கு உதைத்தது. போன மாதம் அதற்காக அங்கே உட்கார்ந்திருந்தவனை ஜல்லித் திருடன் என்று கழுத்தைப் பிடித்துத் தள்ளினார்கள். அவன் போன பிறகும் உதைக்கிறது.

இரண்டு கவுண்டரும் கம்ப்யூட்டரில் திறப்பது அதே மேடையைத்தான். நடுவில் இருக்கும் டிரைவர் என்கிற சின்னப் புரோகிராம், திறக்கிற ஒவ்வொருவருக்கும் காலி எடையைப் போட்டுவைக்கத் தனியாக ஒரு டப்பா வைத்திருக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே டப்பா என்றால் பின்னால் வந்தவன் போட்டதுதான் நிற்கும். முன்னால் வந்தவன் கதை கந்தல்.

சோதித்துப் பார்க்க, மேற்கே காலியாகவே ஏழு டன் இருக்கும் லாரியை ஏற்றிப் பதிந்தாயிற்று. பின்னாலேயே கிழக்கே ஒன்பது டன் லாரி ஏறி இறங்கியது.

இப்போது மேற்குத் திரை தன் லாரியின் எடையைச் சொல்ல வேண்டும். ஏழு என்றால் டிரைவர் சரி, போனவன் திருடன். ஒன்பது என்றால் அவன் கை சுத்தம்.

ஏழு வந்து தொலையட்டும் என்றிருந்தது புரோகிராமருக்கு. பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான்.

புதிதாக வந்திருந்த கவுண்டர்காரி திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

“எனக்கு முன்னாடி இந்தச் சீட்டுல இருந்தவரு ஜல்லியையே தின்னு ஏப்பம் விட்டாராமே சார். வயித்துல எப்படித்தான் செரிச்சுதோ?”

அவன் பட்டனை அழுத்தினான்.

ஒன்பது.

மறுபடி அழுத்தினான். அதே ஒன்பது.

அதற்குப் பிறகு பெரிய வேலை இல்லை. திறக்கும்போது ஆளுக்கொரு டப்பா ஒதுக்கி, மூடும்போது திருப்பி வாங்கிக்கொள்ளும்படி டிரைவரைத் திருத்தினான். இரண்டு லாரியையும் மறுபடி ஏற்றினார்கள். மேற்கே ஏழு, கிழக்கே ஒன்பது.

“அப்ப அந்த ஆளு?” என்றாள்.

அவன் வெளியே வந்தான். போனை எடுத்தான். நம்பரைப் போட்டு, மணி அடிப்பதற்குள் வெட்டினான். மேடையை ஒரு சுற்று சுற்றி வந்து மறுபடி போட்டான். மறுபடி வெட்டினான்.

போன மாதம் முதலாளி விசாரித்தபோது, டிரைவர் புரோகிராமை எட்டிக்கூடப் பார்க்காமல், “மெஷின் பொய் சொல்லாதுங்க” என்று முந்திக்கொண்டு சொன்னது இவன்தான்.

போனவன் இவன் பெண்டாட்டியின் தம்பி. அன்றிலிருந்து அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

மச்சானுக்கு ஒரு மன்னிப்பு பாக்கி.