தீம் பார்க் வாசல் வரை

"அந்த ரிசார்ட்டா? கோடி ரூபா குடுத்தாலும் அந்தப் படி ஏற மாட்டேன்" என்றாள் அவள், சோபாவின் மறுமுனையிலிருந்து.

"பேரைச் சொன்னதுக்கே இப்படியா?" அவன் செல்போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். "குடும்பத்தோட தங்க ரொம்ப நல்ல இடம்னு எழுதியிருக்காங்க."

"எழுதினவன் குடும்பத்தை வீட்டுல விட்டுட்டு வந்திருப்பான்."

இருவருக்கும் நடுவில் வாண்டு சுருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஏழு வயது. பள்ளிக்கூடம் திறக்க இன்னும் ஒரு வாரம்தான். அதற்குள் அவளைக் கடற்கரை தீம் பார்க்குக்கு அழைத்துப்போய்விட வேண்டும் என்று அவன் ஒற்றைக்காலில் நின்றான். 'சரி' என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், உடனே பதிவு செய்துவிடுவான். அந்த ஒரு வார்த்தையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சோபா புத்தம் புதிது. பிளாஸ்டிக் உறையின் வாடைகூட இன்னும் போகவில்லை. எதிரே இரண்டு கோப்பைகளில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

"போன வருஷம் அங்கதானே போனோம்? காலையில ஒரு பழத்தட்டு கொண்டுவந்து வெச்சாங்களே, ஞாபகம் இருக்கா? பாக்கப் பளபளன்னு இருந்துச்சு. வாயில வெச்சா எண்ணெய்!"

"அது என்னமோ ஒரு நாள் அப்படி ஆயிடுச்சு."

"நாம அங்க இருந்ததே ஒரு நாள்தானே!"

அவன் விடவில்லை. விரலால் திரையைத் தள்ளினான். "சரி, இது? குழந்தைங்களைப் பாத்துக்கத் தனியா ஒரு பொண்ணு இருக்காம்."

"அது போனைப் பாத்துக்கிட்டிருக்கும். அதைப் பாத்துக்க நாம ஒரு ஆள் போடணும்."

"கடலை ஒட்டியே இருக்கும்மா."

"அந்தக் கடலைப் பத்திப் பேசாதீங்க. பொழுது விடியறதுக்கு முன்னாடி எழுப்பி, மூணு பேரும் கைகோத்துத் தண்ணிக்குள்ள ஓடணும்னாங்க. ஓடினோம். என் தலைமுடி காத்துல பறக்கலைன்னு மறுபடியும் ஓடினோம். எனக்குக் குளிர்ல பல்லு தந்தி அடிக்குது. நீங்க என்னடான்னா ஈன்னு சிரிச்சுக்கிட்டு ஓடுறீங்க."

"படம் நல்லா வரணும்ல?"

"படம், படம்! எங்க போனாலும் படம்தான். அடுத்த தடவை போனப்போ மாமியார் வேற! எல்லாத்துலயும் அவங்கதான் நடுவுல நிக்கணும்."

"பெரியவங்க. கொஞ்சம் விட்டுக்குடுத்தா என்ன?"

"விட்டுக்குடுத்துதான் எனக்குப் பாதி மூஞ்சி தெரியுது."

அவன் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை. தூங்கும் மகளின் காலிலிருந்து நழுவிய செருப்பை எடுத்துக் கீழே வைத்தாள்.

"இத்தனை தடவை அந்த ஊருக்குப் போயிருக்கோமே, ஒரு தடவையாவது பார்க்குக்குள்ள காலடி வெச்சோமா? வாசல்ல நின்னு, இவளை உங்க தோள்ல ஏத்திக்கிட்டு, 'ஹேய்'னு ஒரு கத்து. முடிஞ்சுது, வண்டியில ஏறு! உள்ள ராட்டினம் சுத்துறது வெளியவே தெரியுது. வழி பூரா அழுதுக்கிட்டே வந்தா."

"அதனாலதான் கேக்குறேன். இந்தத் தடவை உள்ள போவோம்."

"போயி? நாலு நாள் சிரிச்சுட்டு, வந்ததும் அவங்கவங்க வேலையைப் பாத்துக்கிட்டுப் போறதுக்கா? உங்களுக்கென்ன, கையை ஆட்டிட்டுப் போயிடுவீங்க. அப்புறம் ஒரு வாரத்துக்கு இவதான் ஏங்கிப்போயிடுறா. சமாளிக்கிறது நான்."

அவன் செல்போனை அவள் கையிலேயே கொடுத்தான். "கடைசியா ஒண்ணு. இதையும் கிழிச்சுத் தொங்கப் போட்டுடு."

அது பார்க்குக்குப் பின்தெருவில் இருந்த ஒரு சின்ன இடம். ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியாது, பக்கத்துச் சுவர்தான் தெரியும். தங்கியவர்களே எடுத்துப் போட்டிருந்த படங்கள், எல்லாம் கோணல்மாணல். நாற்காலி மேல் ஈரத் துண்டுகள். சட்டையெல்லாம் ஐஸ்கிரீமோடு அழும் ஒரு பையன்.

"ரிசார்ட்டுன்னு பேர் வெக்க என்ன தைரியம் இவனுக்கு!" என்று அவள் உற்சாகமாக ஆரம்பித்தாள். "இந்தம்மாவைப் பாருங்க, கண்ணை மூடியிருக்கு."

"ஆமா."

"இந்த ஆளு வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்குறாரு."

"ஆமா."

"ஒருத்தராவது கேமராவைப் பாக்குறாங்களா?"

"நாமளும் பாக்க வேண்டாமே" என்றான் அவன் மெல்ல.

அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

அப்போது பளீரென்று எதிரே விளக்குகள் எரிந்தன. "டீ குடிச்சாச்சா? அடுத்த ஷாட் போகலாம்!" என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து டைரக்டர் கத்தினார். "ரிசார்ட் விளம்பரத்துல வந்த அதே குடும்பம்தான் வேணும்னு சோபாக் கம்பெனிக்காரங்க கேட்டிருக்காங்க. நெஜப் புருஷன் பொண்டாட்டி மாதிரி கொஞ்சம் நெருங்கி உக்காருங்கப்பா!"

வாண்டு கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தாள். "அம்மா, இன்னைக்கும் அங்கிளை அப்பான்னு கூப்பிடணுமா?"

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். அவளோ மகளை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே பல்லிடுக்கில் சொன்னாள்: "அப்படி முழிக்காதீங்க. ரெண்டு ரூமா போடுங்க... இப்போதைக்கு."