அறுபத்திரண்டு சால்னா கவர்

"எடுங்க தம்பி அதை! என் குடும்ப மானத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சு, அதுக்கு லைட்டு வேற போட்டிருக்கீங்க!"

முத்துச்செல்வி போட்ட சத்தத்தில், அடுத்த அறையில் டைனோசர் எலும்புக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்த பள்ளிப் பிள்ளைகள் மொத்தமாக இங்கே ஓடிவந்துவிட்டன. எலும்புக்கூடு எங்கே போய்விடப் போகிறது? சண்டைதான் நின்றுபோகும்.

"மெதுவாப் பேசுங்கக்கா. எந்த வீட்டுதுன்னு எழுதவே இல்லையே" என்றார் ஜெய்சன். வில்லாபுரத்தில் அந்த அறிவியல் அருங்காட்சியகத்துக்கு அவர்தான் பொறுப்பாளர். கூரையில் சோலார், ஏசிக்குப் பதில் நனைத்த வெட்டிவேர்த் தட்டி, டிக்கெட்டுக்குப் பதில் கையில் ஒரு முத்திரை. மனிதர் எல்லாவற்றிலும் சிக்கனம், பேச்சு உட்பட.

பெட்டிக்கு மேலே 'ஒரு வீடு, ஒரு மாதம்' என்று எழுதியிருந்தது. உள்ளே இருந்தது, ஒரே ஒரு வீட்டின் ஒரு மாத மக்காத குப்பை. பக்கத்து இரண்டு தெருவிலும் நாற்பது வீடுகளில், கழுவிக் காயவைத்துத் தரச்சொல்லி வாங்கியது. அதில் சீட்டுக் குலுக்கி ஒரு வீட்டை எடுத்திருந்தார்கள். எந்த வீடு என்று அந்த வீட்டுக்காரருக்கே சொல்லவில்லை.

முத்துச்செல்விக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. ஷாம்பு பாக்கெட், தைலக் குப்பிகள், பிஸ்கட் உறை, அறுந்த செருப்பு, எல்லாவற்றுக்கும் மேலே மஞ்சள் சால்னா கவர் மலை. ஒவ்வொன்றிலும் ஒரு சேவல் படம். 'கவர்கள்: 62' என்று எண்ணி அட்டை வேறு வைத்திருந்தார்கள். இம்புட்டா தின்றோம் என்று அவருக்கே மலைப்பு.

அந்தச் சேவல் பழங்காநத்தம் பரோட்டாக் கடைச் சேவல். தெருக்காரர் கண்ணில் படக்கூடாது என்று அம்புட்டுத் தூரம் வண்டியில் போய் வாங்கிவர அவரை விட்டால் யார் இருக்கிறார்கள்?

"எங்க வீடுதான் தம்பி இது. சேவலே சாட்சி."

"நான் ஆமான்னும் சொல்லக் கூடாது, இல்லைன்னும் சொல்லக் கூடாதுக்கா."

"ஒண்ணுமே சொல்ல வேணாம், துணியப் போட்டு மூடுங்க! இப்பப் பொண்ணு பாக்க வாராங்க!"

ஜெய்சன் விழித்தார். "இங்கயா?"

இங்கேதான். கோயிலில் வைத்துப் பெண் பார்த்தால் சொந்தக்காரர் நாலு பேர் கண்ணில் படும். அருங்காட்சியகத்துக்கு எந்தச் சொந்தக்காரர் வரப்போகிறார்? யோசனை முத்துச்செல்வியுடையது. பெட்டி இன்று காலையில்தான் திறந்தது என்பது அவர் கெட்ட நேரம்.

மாப்பிள்ளையின் அம்மா செல்லத்தாய், அடுத்த தெருதான். போன வாரமே கறாராகச் சொல்லிவிட்டார். "கடைச் சாப்பாடு எங்க வாசப்படி ஏறாது. வர்ற மருமகளும் அப்படி இருக்கணும்." முத்துச்செல்வியும் சளைக்காமல், "எங்க வீட்ல பரோட்டா வட்டமா சதுரமான்னே தெரியாது மதினி" என்று அள்ளிவிட்டிருந்தார்.

மகள் அஸ்வினிக்கு இது மூன்றாவது வரன். முந்தின இரண்டும் ஜாதகத்தில் போனது. இது சால்னாவில் போனால் வெளியே சொல்ல முடியுமா?

"மூடிட்டாப் பிள்ளைங்க எதைக்கா பாக்கும்?"

"டைனோசரப் பாக்கட்டும்!"

அதற்குள் முட்டிவலித் தைலத்தின் வாசனை முன்னால் வந்தது, செல்லத்தாய் பின்னால் வந்தார். கூடவே மகன் அழகுபாண்டி, கப்பலூரில் லேத் பட்டறை வேலை. முத்துச்செல்வி ஒரே எட்டில் பெட்டியை மறித்து நின்று, முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். முந்தானை மூன்றடி, பெட்டி ஆறடி.

"இங்க ஒண்ணுமில்ல மதினி, எல்லாம் பழைய சாமான். அந்தப் பக்கம் டைனோசர் இருக்கு, வாங்க."

செல்லத்தாய் எட்டிப் பார்த்தார். சேவலைப் பார்த்தார். முகம் இருண்டது. பிறகு முத்துச்செல்வியை ஏற இறங்கப் பார்த்தார். முடிந்தது கதை என்று முத்துச்செல்வி கண்ணை மூடிக்கொண்டார்.

செல்லத்தாய் அவர் கையைப் பிடித்தார். "பொண்ண எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு மதினி. ஆவணியிலயே வச்சுக்குவோம்."

அஸ்வினி அப்போதுதான் வாசலில் கையில் முத்திரை வாங்கிக்கொண்டிருந்தாள்.

ஆவணியில் கல்யாணம் ஜோராக நடந்தது. வாழையிலை, எவர்சில்வர் டம்ளர், மருந்துக்குக்கூட பிளாஸ்டிக் இல்லை. சாப்பிட வந்த ஜெய்சனுக்கு, தன் கண்காட்சிதான் ஊரைத் திருத்திவிட்டது என்று ஒரே பெருமை. மறு வாரம் சின்னஞ்சிறுசுகள் கப்பலூர்ப் பக்கம் வாடகைக்கு வீடு பார்த்துக் குடிபோனார்கள்.

முத்துச்செல்வியும் திருந்தித்தான் விட்டார். பரோட்டாவை அல்ல, கவரை விட்டார். இனிமேல் தன் வீட்டுச் சேவல் எந்தப் பெட்டியிலும் ஏறக்கூடாது என்று, பழங்காநத்தத்துக்குத் தூக்குவாளியோடுதான் போவது.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அங்கே அவர் சால்னாவுக்கு வாளியை நீட்டினார். அதே நேரத்தில் பக்கத்தில் இன்னொரு வாளி நீண்டது. கூடவே தைல வாசனை.

இரண்டு சம்பந்தியம்மாக்களும் ஒருவர் வாளியை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைக்காரர் இரண்டிலும் வஞ்சகமில்லாமல் ஊற்றினார்.

செல்லத்தாய்தான் குரலைத் தாழ்த்திக்கொண்டு முதலில் பேசினார்.

"அன்னிக்கு எங்க வீட்டுக் குப்பைய முந்தானைய விரிச்சு மறைச்சீங்களே சம்பந்தி, அந்த மனசுக்குத்தான் பொண்ணு எடுத்தேன்."