மரியாதை தெரிந்த காற்று

“இன்னிக்கும் பறந்துடுச்சு!” என்று தோட்டத்திலிருந்து கத்தினார் ஹோசகா. வெள்ளரி நாற்றுகளின் மேல் நேற்று மாலை அவர் போர்த்திய துணி, பாத்தி ஓரத்தில் நாலாக மடிந்து கிடந்தது.

“இந்த ஊர்ல காத்துக்குக்கூட மரியாதை தெரியுது பாரு. பிடுங்கினாலும் மடிச்சு வச்சிட்டுப் போகுது!”

“காத்துன்னா அப்படித்தாங்க,” என்று சொல்லிவிட்டு மனைவி நோபுகோ ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

மே மாதம் பிறந்தும் வானத்துக்குப் புத்தி வரவில்லை. காலையில் சட்டையைக் கழற்ற வைக்கும் வெயில், மதியம் ஆலங்கட்டி, இரவில் உறைபனி. “இன்றிரவு உறைபனி, பயிர்களை மூடி வையுங்கள்” என்று தெருமுனை ஒலிபெருக்கி மாலையில் தவறாமல் அலறும். ஹோசகாவும் தவறாமல் மூடுவார். விடிந்து பார்த்தால் துணி விலகியிருக்கும், ஒரு வரிசை நாற்று வெந்த கீரை மாதிரி துவண்டு கிடக்கும்.

இப்போது மிஞ்சியது ஒரே வரிசை. அதுவும் போனால் இந்த வருஷம் தெருவுக்கு எதைக் கொடுப்பது என்பதே அவருடைய கவலை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள்முதல், கோடை முழுக்க எல்லா வீட்டுக் கதவுப்பிடியிலும் பை நிறைய வெள்ளரிக்காய் மாட்டிவிட்டு வருவார். மறுநாளே ஒவ்வொருவரும் பதிலுக்குப் பழமோ பலகாரமோ வாங்கிக்கொண்டு வந்து, ஆகா ஓகோ என்று புகழ்ந்துவிட்டுப் போவார்கள். அவர்கள் புகழப் புகழ இவர் பாத்தியை அகலமாக்கிக்கொண்டே போனார்.

அடுத்த வீட்டு மிசாவா அம்மாள் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

“ஹோசகா சான், எத்தனை தப்பிச்சுது?”

“ஒரே ஒரு வரிசைதாம்மா.”

“இன்னும் ஒரு வரிசையா!” அவள் வேலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். “இந்த வயசுல எதுக்கு உடம்பைக் கெடுத்துக்கறீங்க? பேசாம விட்டுடுங்களேன். போன வருஷம் நீங்க குடுத்ததுல போட்ட ஊறுகாயே எங்க வீட்டுல இன்னும் தீரல.”

“அடடா, பாத்துப் பாத்துத்தான் சாப்பிடறீங்களா? கவலையே படாதீங்க, இந்த வருஷம் உங்களுக்கு ரெண்டு பை!”

மிசாவா அம்மாள் குனிந்து வணங்கிவிட்டுப் போனாள். என்ன அன்பான தெரு என்று ஹோசகாவுக்குக் கண் கலங்கியது. பனி அள்ளுவதானாலும் குப்பை போடும் இடத்தைக் கூட்டுவதானாலும் ஒரு வீடு விடாமல் முறை வைத்துக் கைகொடுக்கும் தெரு அது.

அன்று மாலை ஒலிபெருக்கி வழக்கத்தைவிட அதிகமாகப் பயமுறுத்தியது. ஹோசகா துணியை இரட்டையாகப் போர்த்தி, நான்கு மூலைகளிலும் செங்கல் வைத்து, கயிற்றால் முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டுக் கட்டினார்.

“இப்ப வரட்டும் அந்தக் காத்து, ஒரு கை பாத்துடறேன்!”

விடியும் முன்பே விழிப்பு வந்துவிட்டது. மனசு கேட்காமல் தோட்டத்துக்கு ஓடினார். ஒரு இலைகூட அசையவில்லை. ஆனால் பாத்தியருகே யாரோ குந்தி உட்கார்ந்து, மும்முரமாக முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எவன்டா அது?” என்று துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு பாய்ந்தார்.

உருவம் நிமிர்ந்தது. நோபுகோ!

“அடிப்பாவி! தினமும் நீதானா?”

“ஐயோ, தினமும் நான் இல்லீங்க,” என்றாள் நோபுகோ, பிடித்த முடிச்சை விடாமல். “இன்னிக்குத்தான் நம்ம வீட்டு முறை.”