ஏற்கெனவே உள்ளே இருப்பவர்

வேலைக்குச் சேர வந்தவனை, கேட்டில் முகம் பார்க்கும் மிஷின் உள்ளே விட மறுத்தது.

காரணம் நியாயமானதுதான். அவன் ஏற்கெனவே உள்ளே இருக்கிறானாம்.

"நீங்கள் இன்னும் வெளியே செல்லவில்லை" என்று பெண் குரலில் அடித்துச் சொன்னது. அவனோ அந்தத் தொழிற்சாலைக்குள் அதுவரை காலே வைக்காதவன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றான். தலையை வாரிக்கொண்டு நின்றான். மூச்சை அடக்கிக்கூடப் பார்த்தான். மிஷின் பிடித்த பிடியை விடவில்லை. அவனுக்கே சந்தேகம் வந்து, கம்பி வழியாக ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டான்.

"உள்ள இருக்கிறவர வரச் சொல்லுங்க பாஸ், நேர்ல பேசித் தீத்துக்கலாம்" என்றான், பின்னால் நின்ற இன்னொரு புது ஆள். வரிசை சிரித்தது.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. மதியத்துக்குள் முகம் பதியாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். அம்மாவும் தங்கையும் இதைத்தான் மலைபோல நம்பியிருந்தார்கள்.

ஆள் சேர்க்கும் அதிகாரி டேப்லெட்டோடு வந்தாள். தட்டினாள். திரையில் வந்த பெயரைப் படித்ததும் விரல் நின்றுவிட்டது. வாட்ச்மேனைப் பார்த்தாள்.

அவர் தொண்டையைச் செருமினார். "பாய்லர் வெடிச்ச அன்னிக்கு அவரைப் பின் கேட் வழியா தூக்கிட்டுப் போனாங்கம்மா. அங்க மிஷின் கிடையாது. தம்பி அவர் பையன்தான்."

அப்பாவை உரித்து வைத்திருக்கிறான் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். மிஷினும் அதைத்தான் சொல்லியிருக்கிறது. அப்பாவுக்கு இன்னும் அதே ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்தது.

"அவரை வெளிய அனுப்பினாத்தான் உங்களைச் சேர்க்க முடியும்" என்றாள் அதிகாரி, தரையைப் பார்த்துக்கொண்டு. "அந்தப் பக்கம் போய் நீங்களே முகத்தைக் காட்டிடுங்க."

வாட்ச்மேன் சின்னக் கதவைத் திறந்து அவனை உள்ளே விட்டார். அவன் திரும்பி நின்று, வெளியே போகிறவர்களுக்கான மிஷினில் முகத்தைக் காட்டினான்.

பச்சை விளக்கு எரிந்தது. "நன்றி. நாளை சந்திப்போம்."

கேட் திறந்துகொண்டது. அவனுக்குக் கால் எழவில்லை.

அதுவரை தம்பி, தம்பி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த வாட்ச்மேன், தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"கிளம்புங்கண்ணே" என்றார். "பாத்துப் போங்க."