பின்வரிசை விருந்தாளிகள்

விதோமிர் மாமாவைச் சன்னலோரம் உட்கார வைக்க முடியாது, குளிர்காற்றில் இருமல் கூடிவிடும். திகோமிர் அவரை அப்படியே தூக்கிக்கொண்டு போய் பின்வரிசை நாற்காலியில் வைத்தார். மாமா மொத்தம் இரண்டு கிலோதான் இருப்பார். கறுப்பு நிறம், முகம் முழுக்க வலை, முதுகில் ஒரு ஒயர்.

டிசம்பர் பத்தொன்பது, புனித நிக்கோலா நாள். அவர்தான் திகோமிர் குடும்பத்தின் காவல் புனிதர். இந்த நாளில் வீடு திறந்திருக்கும்; யாரையும் அழைக்கக் கூடாது, நினைப்பிருப்பவர்கள் தாமாக வருவார்கள் என்பது செர்பியாவின் நிஷ் நகரத்து வழக்கம். யாரும் வராவிட்டால், 'அழைப்பு போய்ச் சேரவில்லை போலும்' என்று மனதைத் தேற்றிக்கொள்ளக்கூட இடம் தராத வழக்கம்.

திகோமிர் வரி அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் நேர்மையாக உழைத்து ஓய்வு பெற்றவர். ஆகவே அவரை நினைப்பவர்கள் ஊரில் நிறைய. வருகிறவர்கள்தான் இல்லை.

எதிர்வீட்டு அம்மாள் டெசாங்காவுக்கும் அதே புனிதர்தான். ஆறு வருடமாக அந்தக் கதவுக்குப் பின்னால் சிரிப்பு, பாட்டு, தட்டுச் சத்தம். சரியாக ஏழே முக்காலுக்கு ஒரு கண்ணாடிக் கோப்பை உடையும். "போச்சு, புது செட்டு!" என்று யாரோ அலறுவார்கள். கை நழுவுகிற அந்த ஆளை வருடா வருடம் ஏன்தான் உள்ளே விடுகிறாரோ என்று திகோமிருக்கு வியப்பு. பொறாமை என்றும் சொல்லலாம்.

போன வருடம் மறுநாள் காலை குப்பைத் தொட்டியருகே டெசாங்கா கேட்டார்: "நேத்து உங்க வீட்டுல சத்தமே இல்லையே, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

அந்தக் 'கிடம்பு' ஒரு வருடமாகத் திகோமிர் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது. இந்த வருடமும் அதே கேள்வி வந்தால், வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட வேண்டியதுதான்.

கைபேசியில் வியன்னாவிலிருந்து மகள் யாஸ்னா பொறுமையிழந்துகொண்டிருந்தாள். "பச்சை ஒயர் முன்னாடி ரெண்டுக்கு, ஆரஞ்சு நடுவுல, கறுப்பு பின்னாடி ரெண்டுக்கு. எத்தனை தடவைப்பா சொல்றது?"

"கம்ப்யூட்டருக்குப் பின்னாடி கை போகமாட்டேங்குதும்மா. அலமாரி இடிக்குது."

"விருந்தாளி வர்ற நாள்ல எதுக்கு இந்த வேலை?"

"வர்றவங்க பாட்டுக் கேப்பாங்கல்ல?"

"சரி, எத்தனை பேரு?"

திகோமிர் அறையைச் சுற்றிலும் பார்த்தார். "அஞ்சு பேரு. அது போக மேசைக்கடியில ஒருத்தன், கொஞ்சம் கட்டைக் குரல்."

"மேசைக்கடியிலயா? அதுக்குள்ள குடிச்சு முடிச்சிட்டானா?" யாஸ்னா சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. "அடுத்த வருஷம் நான் கண்டிப்பா வந்துடறேன்ப்பா."

போன வருடமும் இதே வாக்கியம். அதையும் பதிவு செய்து வைத்திருக்கலாம்.

மற்றதையெல்லாம் பதிவு செய்துதான் வைத்திருந்தார். பேருந்து நிலைய உணவகத்துச் சிரிப்பும் பேச்சும், மூன்று மதியங்கள் உப்புக் குடுவைக்குப் பின்னால் கைபேசியை ஒளித்து வைத்து எடுத்தது. 'பில் கொண்டு வா' என்று வருகிற இடங்களை வெட்டியெறிந்து, இருமல் வரும் பின்வரிசை ஸ்பீக்கருக்கு விதோமிர் மாமா என்று பெயரும் வைத்தாயிற்று.

ஆறு மணிக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார். வறுத்த மீன், இனிப்புக் கோதுமை, ஐந்து குவளைகளில் ரக்கியா சாராயம். கம்ப்யூட்டரில் பொத்தானை அழுத்தினார்.

முன்வரிசை குபீரென்று சிரித்தது. பின்வரிசையில் மூச்சுப் பேச்சில்லை. அலமாரி இடுக்கில் கையை விட்டுத் துழாவினார்; முழங்கை சிராய்த்ததுதான் மிச்சம். போகட்டும், பின்வரிசைச் சொந்தங்கள் அமைதியானவர்கள் என்று வைத்துக்கொண்டார். எந்தக் குடும்பத்திலும் அப்படி ரெண்டு பேர் இருப்பார்கள்.

ஒலியைக் கூட்டினார். வாசல் பக்கம் திரும்பி, "சாப்பிடுங்க, கூச்சப்படாதீங்க!" என்று தன் பங்குக்கும் ஒரு குரல் கொடுத்தார். முன்வரிசை மறுபடி சிரித்தது. நன்றாகத்தான் இருந்தது. மீன் மட்டும் ஆறிக்கொண்டிருந்தது.

ஏழரை தாண்டியதும் கதவு தட்டப்பட்டது.

ஒரு சாண் திறந்து, இடைவெளியை உடம்பால் அடைத்துக்கொண்டார் திகோமிர். வாசலில் டெசாங்கா. கையில் ஒரு தட்டு கோதுமை.

"என்ன எதிர்வீட்டுக்காரரே, இன்னிக்கு வீடு ரொம்பி வழியுது போல!"

"ஆமாங்க. உள்ள கூப்பிடலாம்னா உக்கார இடமில்ல. உங்க வீட்டுலயும் கூட்டமாச்சே, விட்டுட்டு வந்திருக்கீங்க?"

"அவங்க பாட்டுக்குச் சாப்பிடுவாங்க." டெசாங்கா தலையைச் சாய்த்து, உள்ளே எழுந்த சிரிப்பைக் கூர்ந்து கேட்டார். "எல்லாரும் வாசப்பக்கமே இருந்து சிரிக்கிறாங்களே. பின்னாடி ஒருத்தரும் வாயத் திறக்கலையா?"

"விதோமிர் மாமாங்க." திகோமிர் கதவை இன்னும் கொஞ்சம் சாத்தினார். "அவருக்கு எப்பவும் பேச்சு கம்மி."

அப்போது டெசாங்காவின் முதுகுக்குப் பின்னால், ஒருக்களித்திருந்த அவர் வீட்டுக் கதவுக்குள் கண்ணாடிக் கோப்பை ஒன்று சிலீரென்று உடைந்தது. "போச்சு, புது செட்டு!" என்று யாரோ அலறினார்கள். மணி ஏழே முக்கால்.

டெசாங்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோதுமைத் தட்டைத் திகோமிர் கையில் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"கறுப்பு ஒயரை இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொருகுங்க, முதல் வருஷம் எனக்கும் இப்படித்தான் ஆச்சு."