வெள்ளச் சேதம் இல்லை

"வெள்ளம் வந்து கதவ மட்டும் கழட்டிக்கிட்டுப் போச்சா?"

பில் கலெக்டர் அன்பரசு தெருவில் நின்றபடியே கேட்டார். வீட்டுக்காரர் சின்னையன் வாசலுக்கு வந்தார். வாசற்கதவு இருந்த இடத்தில் ஒரு பழைய புடவை தொங்கிக்கொண்டிருந்தது.

வெள்ளத்தில் சேதமான வீடுகளுக்கு வீட்டு வரியும் தண்ணீர் வரியும் பழைய பாக்கியோடு தள்ளுபடி என்று அரசு அறிவித்திருந்தது. அறிவித்ததுதான் தாமதம், ஓடுகூட நகராத வீட்டிலிருந்தெல்லாம் மனு வந்து குவிந்துவிட்டது. கிள்ளைக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்னப் பேரூராட்சியில், வீடு வீடாகப் போய் நிஜமா பொய்யா என்று பார்த்து எழுதும் வேலை அன்பரசுக்கு.

நேர்மையான ஆள். போகிற இடத்தில் ஒரு வாய் டீகூடக் குடிக்க மாட்டார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"செவுத்துல தண்ணி நின்ன கோடு இல்ல. தரையில சேறு இல்ல. இது மேட்டுத் தெரு. தண்ணி உன் வாசப்படியோட நின்னுபோச்சி. சரியா?"

"சரிதான் சார்."

"அப்ப கதவு?"

"அந்த வெள்ளத்துலதான் சார் போச்சி."

அன்பரசு வாசல் நிலையை விரலால் தடவிப் பார்த்தார். ஸ்குரூ இருந்த ஓட்டைகள் சுத்தமாக இருந்தன. மரம் ஒரு இடத்திலும் பிய்ந்திருக்கவில்லை.

"ஸ்குரூ டிரைவர் போட்டுக் கழட்டியிருக்க. எந்த ஊரு வெள்ளம்யா ஸ்குரூ டிரைவரோட வருது?"

வேடிக்கை பார்த்தவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

உள்ளே போனார். பின்கதவு இல்லை. அறைக்கதவு இல்லை. ஜன்னல் கதவுகளும் இல்லை. அடுப்படியில் சின்னையனின் மனைவி புஷ்பவள்ளி நின்றிருந்தாள்.

"ஒரு கட்டிலும் இருந்துச்சி சார்" என்றாள்.

"அதுவும் நீந்திப் போயிடுச்சா?"

"புஷ்பா, நீ சும்மா இரு" என்றார் சின்னையன்.

அவள் கேட்கவில்லை. "வயசுப் பொண்ண வச்சிக்கிட்டு கதவில்லாத வீட்டுல கெடக்குறோம் சார். கதவ எப்பிடியாச்சும் நாங்களே போட்டுக்குவோம். ரெண்டு வருச பாக்கி நிக்கிது. இந்த மாசம் கட்டலன்னா கொழாய கட் பண்ணிடுவாங்களாம். அத மட்டும் தள்ளுபடி பண்ணிக்குடுங்க."

சின்னையன் தயங்கித் தயங்கிக் கேட்டார். "சார், நீங்க தெக்குத் தெரு இருசம்மாக்கா தம்பிதான?"

அன்பரசுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"அக்கா பேரச் சொன்னா எழுதிக் குடுத்துடுவேன்னு பாத்தியா? அந்த அக்கா வீட்டுலதான் எங்கம்மா இருந்தாங்க. இதே வெள்ளத்துல செத்துப்போனாங்க. நான் கடலூர்ல முகாம் ட்யூட்டில மாட்டிக்கிட்டேன். ரோடு முழுகிப்போய் மூணு நாள் வர முடியல. ஒரே ஆம்பளப் புள்ள, கொள்ளி வைக்கக் குடுத்து வைக்கல. பெத்தவளப் பறிகுடுத்த நானே ஒரு மனு எழுதல. நீ கதவக் கழட்டி வச்சிட்டு மனு எழுதுற."

"தெரியும் சார்" என்றார் சின்னையன்.

புஷ்பவள்ளி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சின்னையன் அவளைப் பார்த்த பார்வையில் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

"கதவெல்லாம் எங்க? வித்துட்டியா?"

"விக்கல சார்."

"அப்ப எங்கதான் இருக்கு?"

சின்னையன் வாசலுக்குப் போய்ப் புடவையை இழுத்துச் சரிசெய்தார்.

அன்பரசு எழுதினார்: 'வெள்ளச் சேதம் இல்லை. கதவுகளை உரிமையாளரே கழற்றியுள்ளார். மனுவை நிராகரிக்கலாம்.'

"படிச்சிப் பாத்துக் கையெழுத்துப் போடு. தப்பா எழுதிட்டேன்னு நாளைக்கி வந்து நிக்கக் கூடாது."

சின்னையன் எழுத்துக்கூட்டிப் படித்தார். "சரியாத்தான் எழுதியிருக்கீங்க சார்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அன்பரசு அக்கா வீட்டுக்குப் போனார். அங்கே ஜன்னல் உயரத்துக்குத் தண்ணீர் நின்ற கோடு இன்னும் சுவரில் இருந்தது. அதற்கு மேலே அம்மாவின் படம். வழக்கம்போலக் கொஞ்ச நேரம் அதன் முன்னால் நின்றார். கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"ஏன்டா மொகம் வாடியிருக்கு?" என்று கேட்டபடி இருசம்மாள் சோறு போட்டாள்.

"மனுசங்களாக்கா இவனுங்க? மேட்டுத் தெருவுல சின்னையன்னு ஒருத்தன். வீட்டுல இருந்த கதவு, ஜன்னல் பூராத்தையும் கழட்டிட்டு, வெள்ளத்துல போச்சின்னு மனு குடுத்திருக்கான்."

குழம்பு ஊற்ற வந்த கை நின்றது.

"நீ என்னா எழுதுன?"

"சேதம் இல்லன்னு எழுதிட்டேன்."

"அவுரு ஒண்ணும் சொல்லலியா?"

"என்னா சொல்லுவான்? திருடனுக்குத் தேள் கொட்டுன மாதிரி நின்னான்."

இருசம்மாள் கரண்டியை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அம்மாவின் படத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"சாவுக்குக் குடுத்தத வாயால சொல்லக் கூடாதுன்னு இருந்திருப்பாரு" என்றாள்.

"என்னாக்கா சொல்ற?"

"அன்னிக்கி ஊரே தண்ணியில கெடந்துச்சி. வெறகுக்கடை முழுகிப்போச்சி. அம்மாவ பெஞ்சிமேல கெடத்தி ரெண்டு நாளு வச்சிக்கிட்டு உக்காந்திருந்தோம். மேட்டுத் தெருவுலதான் நனையாத மரம் இருந்துச்சி. எடுத்துக்கங்கன்னு சொன்னது அவுரு ஒருத்தருதான்."

அன்பரசின் கை சோற்றிலேயே இருந்தது.

"வர்றப்ப எல்லாம் கொள்ளி வைக்கலியே, கொள்ளி வைக்கலியேன்னு அழுவியே. வெறகு ஏதுன்னு ஒருநாளாவது கேட்டியாடா?"