வடக்கு மூலை

சமுதாயக் கூடத்தில் கைவேலைக் கண்காட்சி. தூக்கணாங்குருவி தன் கூட்டைத் தொங்கவிட்டது. குளவி தன் மண்கூட்டை மேசைமேல் வைத்தது. பொறுப்பாளர் கொக்கு, "மூலையெல்லாம் ஒருதரம் பார்த்துடுப்பா" என்றதும் ஒட்டடைக் கம்பு உற்சாகமாய்க் கிளம்பி, ஒரே வீச்சில் வடக்கு மூலையைப் பளிச்சென்று ஆக்கிவிட்டது.

"ஐயோ!"

கம்பின் தலையில் சிக்கிய நூலைப் பிடித்தபடி சிலந்தி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. "அண்ணே, அது கண்காட்சிக்கு நான் கட்டினது."

கம்புக்குத் திக்கென்றது. "ஒட்டடைன்னு நினைச்சுட்டேனே, தாயி! மேசையில வைக்கக் கூடாதா?"

"உனக்கு மூலைதானே வசதின்னு கொக்கு ஐயாதான் சொன்னாரு."

கம்பு அதே மூலையில் போய்ச் சாய்ந்துகொண்டது. "ஒரு நுனியை என் மேலேயே கட்டிக்கோ."

சிலந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்ட ஆரம்பித்தது. பாதி வலை முடிந்திருந்தபோது, கதவருகே நின்று கொக்கு கத்தியது: "வாசல்ல கூட்டம் வந்தாச்சு! அந்த மூலையில இன்னும் ஒட்டடை தொங்குதேப்பா, அடிச்சுடு!"

பிறந்ததிலிருந்து ஒரு மூலையையும் விட்டுவைக்காத கம்பு, துளியும் அசையாமல் சொன்னது:

"முடியாதுங்க. இடுப்பு பிடிச்சுக்கிச்சு."